பள்ளி நேரமும் வளரும் உடலும்

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான பத்தாண்டுக் காலத்தை வளரிளம் பருவம் என்று வரையறுக்கிறது. பிறந்த பின் வரும் முதல் இரண்டு ஆண்டுகளைத் தவிர்த்தால், மனித உடல் வேறு எந்தக் காலத்திலும் இத்தனை வேகமாக வளர்வதில்லை. ஒருவர் எட்டப்போகும் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், எடையில் ஏறக்குறையப் பாதியும் இந்த ஆண்டுகளில் சேர்கின்றன. எலும்புகள் தம் வாழ்நாள் வலிமையின் பெரும்பகுதியை 20 வயதுக்குள் பெற்றுவிடுகின்றன. இருந்தும், கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை கட்டியெழுப்பிய அமைப்போடு ஒப்பிட்டால், இப்பருவத்தினருக்கென உருவானவை மிகக் குறைவு. காய்ச்சலோ காயமோ ஏற்பட்டாலன்றி மருத்துவமனைப் பக்கம் வராத வயது இது. இறப்பு விகிதமும் பிற வயதினரைவிடக் குறைவு. ஆதலால் இவர்கள் நலமாகவே இருக்கிறார்கள் என்ற எண்ணம் பெற்றோரிடமும் அரசிடமும் ஒருசேர நிலைத்துவிட்டது.

உண்மையில் இவர்களுடைய உடல்நலத்தை நாள்தோறும் தீர்மானிக்கும் இடம் மருத்துவமனை அன்று, பள்ளி. காலையில் என்ன சாப்பிட்டுக் கிளம்புகிறார்கள், பகலில் தண்ணீர் குடிக்கிறார்களா, கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்கிறதா, விளையாட்டு வகுப்பு நடக்கிறதா, இரவு எத்தனை மணிக்கு உறங்குகிறார்கள், மனத்தை அழுத்துவதை யாரிடம் சொல்கிறார்கள் ஆகிய அனைத்தும் பள்ளியின் கால அட்டவணையோடு பிணைந்தவை. அந்த அட்டவணை பாடங்களை முடிப்பதற்காக வகுக்கப்பட்டதே தவிர, வளரும் உடலைக் கருதி வகுக்கப்பட்டதன்று. வளரிளம் பருவத்தினரின் நலக்குறைகளில் பலவற்றை ஆராய்ந்து செல்பவர் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

ஐந்தாம் வகுப்போடு நிற்கும் காலை உணவு

பள்ளிப் பிள்ளைகளின் பசியை அரசின் பொறுப்பாக ஏற்றுக்கொண்டதில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1920-இல் சர் பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது; காமராசர் ஆட்சியில் 1956-இல் அது மாநிலத் திட்டமாயிற்று; 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம் இந்த மரபின் அண்மைக் கண்ணி. இவற்றின் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடும், மதியச் சத்துணவு பத்தாம் வகுப்போடும் முடிந்துவிடுகின்றன என்பதையும், வளரும் உடலின் தேவை அதே இடங்களில் ஏறுமுகமாக இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும். 10 வயதைக் கடந்த பெண்ணுக்கு அது 28 மில்லிகிராமாக, அதாவது ஏறத்தாழ இரு மடங்காக, உயர்கிறது; 16 வயதில் 32 மில்லிகிராம் ஆகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் 16 வயதுக்கு மேல் 26 மில்லிகிராம் தேவைப்படுகிறது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் குழந்தைக்கு வயது ஏறக்குறையப் பத்து. ஆறாம் வகுப்புக்காகத் தொலைவிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்து பிடிக்கத் தொடங்கும் அந்த ஆண்டில்தான் காலைச் சாப்பாட்டுக்கான நேரம் வீட்டிலும் சுருங்குகிறது. ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும் காலை உணவாகிவிடுகின்றன. தேநீரில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடல் ஈர்த்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணினால் இழப்பின் அளவு புரியும்.

இரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருந்துகொண்டு உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்னும் புரதம், வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அளவுக்குக் கீழே குறைவதே இரத்தசோகை. வளரிளம் பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தாலும், 15 வயதைக் கடந்த ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறைந்தாலும் அது இரத்தசோகை எனப்படும். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினரும் அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். விரல் நுனியில் எடுத்த துளி இரத்தத்தை விடுத்து நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தை ஆராய்ந்த 2016-18 தேசிய முழுமை ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 விழுக்காடு, ஆண்களில் 18 விழுக்காடு என்று குறைவான கணக்கைத் தந்தது. இரண்டில் எந்தக் கணக்கை ஏற்றாலும், முப்பது மாணவிகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் பன்னிரண்டு பேராவது உயிர்வளி போதாமல் பாடம் கேட்கிறார்கள் என்று எண்ண இடமிருக்கிறது. மேசையில் தலை சாய்ப்பது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படித்தது மனத்தில் தங்காதது ஆகியவை சோம்பலென்றும் அக்கறையின்மையென்றும் கண்டிக்கப்படுகின்றன. ஆண் பிள்ளைகளின் இரத்தசோகையோ பேச்சில்கூட இடம்பெறுவதில்லை.

இதற்கான மருந்து பள்ளிகளில் இல்லாமல் இல்லை. 2013-இல் தேசிய அளவில் தொடங்கிய வாராந்திர இரும்புச்சத்துத் திட்டத்தின்கீழ் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் என்னும் குடற்புழு நீக்க மாத்திரையும் வழங்கப்படுகின்றன. நீல நிற மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், மலம் கறுக்கும், இவற்றை முன்கூட்டியே சொல்லாதபோது பிள்ளைகள் அச்சப்பட்டு மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். மாத்திரை கைக்கு வந்தும் அதன் விளக்கம் வராததால் நேரக்கூடியதன் கொடிய எல்லையை 2023 மார்ச்சில் உதகமண்டலம் கண்டது: யார் அதிகம் விழுங்குவது என்று போட்டியிட்டு இரும்புச்சத்து மாத்திரைகளைத் தின்ற மாணவிகளில் ஒருவர் உயிரிழந்தார். வாரத்துக்கு ஒன்று உடலைத் தேற்றும் மாத்திரை, அளவு மீறினால் கல்லீரலைச் சிதைக்கும் நஞ்சு என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரேனும் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வேண்டியது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு அட்டவணையில் இடமில்லை.

ஊட்டக்குறைவோடு மிகைப்பருமனும் ஒரே வகுப்பறையில் வாழ்கிறது என்பது இக்காலத்தின் புதிய சிக்கல். மேற்சொன்ன ஊட்டச்சத்து ஆய்வு, வளரிளம் பருவத்தினரில் 24 விழுக்காட்டினர் வயதுக்குரிய எடையின்றி மெலிந்தும் 5 விழுக்காட்டினர் எடை மிகுந்தும் இருப்பதோடு, பத்தில் ஒருவர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பதையும் கண்டறிந்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் விதி வகுத்திருக்கிறது. எந்த ஊரிலும் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பார்ப்பவர்க்கு அந்த விதியின் நிலை விளங்கும்.

சடங்கு உண்டு, விளக்கம் இல்லை

பெண் பூப்பெய்துவதைத் தமிழ்க் குடும்பங்கள் மறைப்பதில்லை. தாய்மாமன் சீர், மஞ்சள் நீராட்டு, பத்திரிகை, பந்தல் என்று ஊரறியக் கொண்டாடும் வழக்கம் பல சமூகங்களில் இன்றும் நீடிக்கிறது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் கொடுத்து உடலைத் தேற்றும் பழக்கத்தில், புரதமும் கொழுப்பும் வேண்டியிருக்கும் காலத்தை முன்னோர் உணர்ந்திருந்த அறிவு தெரிகிறது. ஆனால் அந்த ஊட்டம் சில வாரங்களோடு நின்றுவிடுகிறது; மாதந்தோறும் நிகழப்போவது என்ன, ஏன், எத்தனை நாள் நீடித்தால் இயல்பு, எப்போது மருத்துவரைக் காண வேண்டும் என்ற விளக்கமோ தொடங்குவதே இல்லை. ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் இரத்தப்போக்கும், பள்ளிக்கு வரவிடாத வயிற்றுவலியும் பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்க வேண்டியவை என்று சொல்லப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை எளிய சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியவை.

தமிழ்நாடு அரசு 2011-இல் அறிவித்த புதுயுகம் திட்டம், ஊரகப் பெண் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் வழங்குவதில் பிற மாநிலங்களுக்கு முன்னோடியாயிற்று. நாப்கின் கிடைத்த பின்னும் அதை மாற்ற இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். பத்து நிமிட இடைவேளையில் நூற்றுக்கணக்கான மாணவிகள் சில கழிப்பறைகளுக்கு வரிசையில் நிற்கும் பள்ளியில், பின்வரிசைப் பெண்ணின் முறை வருமுன் மணி அடித்துவிடும். வகுப்பு நடுவே எழுந்து அனுமதி கேட்பதோ, ஆண் ஆசிரியர் முன்னிலையில் அவளால் எளிதில் செய்ய முடிவதன்று. ஆகவே காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவதை மாணவிகள் தமக்குள் ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொள்கிறார்கள். சித்திரை வெயிலிலும் தொடரும் இந்தத் தண்ணீர் விரதம் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் தலைவலிக்கும் வழிவகுக்கிறது. இடைவேளையை வகுப்புவாரியாகப் பிரித்து அமைப்பதும், கேட்காமலே எழுந்துபோகும் உரிமையை மாணவிகளுக்கு அளிப்பதும் செலவில்லாத மருத்துவம்.

ஆண் பிள்ளைகளுக்குச் சடங்கும் இல்லை, சொல்பவரும் இல்லை. குரல் உடைவதும் முகப்பரு வருவதும் கேலிக்குரியவையாகின்றன. உறக்கத்தில் தானாக விந்து வெளியேறுவதைக் கண்டு, ஏதோ பெருநோய் பற்றிவிட்டதென்று அஞ்சும் சிறுவனுக்கு அது பருவத்தின் இயல்பு என்று கூறத் தந்தையும் முன்வருவதில்லை. விந்து இழந்தால் உடல் உருகிவிடும் என்ற நம்பிக்கை தோற்றுவிக்கும் பதற்றத்தையும் சோர்வையும் மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் 'தாத்' நோய்க்குறி என்று பெயரிட்டு அடையாளப்படுத்தினார். அந்த அச்சத்தையே மூலதனமாக்கி, ஊர் ஊராக லாட்ஜ் அறைகளில் முகாமிட்டுப் பணம் பறிக்கும் போலி வைத்தியர்கள் தமிழகத்துக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களுடைய விளம்பரங்கள் இப்போது சிறுவர்களின் கைபேசித் திரைக்கே வந்து சேர்கின்றன. எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இனப்பெருக்கம் பற்றிய பக்கங்களை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிக் கடந்துபோகும் ஆசிரியர், தம்மை அறியாமலே அந்தப் போலி வைத்தியர்களிடம் மாணவனை அனுப்பிவைக்கிறார்.

கடன் கொடுக்கப்பட்ட விளையாட்டு, திருடப்பட்ட உறக்கம்

5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எட்டியதும் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் முறைவைத்து வாங்கிக்கொள்வது தமிழ்நாட்டில் யாரும் குறையாகக் கருதாத நடைமுறை. விளையாட்டை விட்டதன் விலையைக் கண்களும் கொடுக்கின்றன. சீனாவின் குவாங்சோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு கூடுதலாகச் சேர்த்து மூன்றாண்டுகள் நடத்திய சோதனையில், அந்த மாணவர்களில் 30.4 விழுக்காட்டினருக்கும் வழக்கமான அட்டவணையில் படித்தவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை ஏற்பட்டதாக 2015-இல் வெளியான முடிவுகள் காட்டின. வெளிச்சத்தில் நிற்பதே ஒரு பாதுகாப்பு என்பது இதன் பொருள்.

உறக்கம் இதனினும் பெரிய இழப்பு. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பு, பருவமடைந்த பின் இரவில் முன்னைவிடத் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. அதனால் பதினாறு வயதுப் பிள்ளை இரவு பதினொரு மணிவரை உறக்கம் வராமல் விழித்திருப்பதில் கைபேசிக்குப் பங்குண்டு என்றாலும், அடிப்படைக் காரணம் உடலின் கடிகாரம். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வரையறுத்தது. விடியற்காலை ஐந்து மணி டியூஷன், எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஆறு வரை தேர்வுப் பயிற்சி என்று நகரும் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் நாளில் ஆறு மணி நேர உறக்கமே அரிது. விடுதியோடு கூடிய சில தனியார் பள்ளிகளில் நிலைமை இதைவிடக் கடுமை. கலிஃபோர்னியா மாநிலம், மேல்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாதென்ற சட்டத்தை 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. அதே சட்டம் இங்கும் வேண்டும் என்பதன்று வாதம். உறங்காத மூளை படித்ததைப் பதிவுசெய்வதில்லை என்பதால், உறக்கத்தைக் குறைத்து மதிப்பெண்ணைக் கூட்டும் முயற்சி தன்னைத்தானே தோற்கடித்துக்கொள்கிறது என்பதே.

யாரிடம் சொல்வது

மனநோய்கள் தொடங்கும் வயதைப் பற்றி 192 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான பகுப்பாய்வு, அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 14 வயதுக்குள்ளும், ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுவதாகக் காட்டுகிறது. இப்பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படுவதைவிட எரிச்சலாகவும், அடிக்கடி வரும் வயிற்றுவலியாகவும், நண்பர்களை விட்டு ஒதுங்குவதாகவும், மதிப்பெண் திடீரென்று சரிவதாகவும் வெளிப்படுவதே மிகுதி. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஒரு தேர்வை மட்டுமே காரணமாகச் சுட்டுவது எளிது. வீட்டுச் சூழல், வறுமை, சாதி இழிவு, காதல் முறிவு, கவனிக்கப்படாத மனச்சோர்வு எனப் பல காரணங்கள் சேர்ந்தே ஒருவரை அந்த விளிம்புக்குத் தள்ளுகின்றன. எனினும் தேர்வை வாழ்வின் ஒரே வாசலாகக் காட்டும் சூழலை மாற்றுவது அரசின் கையில் இருக்கிறது. தமிழ்நாடு அதைச் செய்தும் காட்டியிருக்கிறது. பொதுத்தேர்வில் மாநில முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கம் 2017-இல் கைவிடப்பட்டது. தேர்ச்சி பெறாதவர்கள் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதி மேற்படிப்பைத் தொடர வழியிருக்கிறது.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்ற அச்சம் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஆழமாக உள்ளது. அது தவறு என்பது மனநல மருத்துவத்தில் உறுதிப்பட்ட செய்தி. பரிவோடு கேட்பது பாரத்தைக் குறைக்கிறது. கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கக்கூடிய 14416 என்ற மனநல உதவி எண்ணும், தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணும், சிறார்களுக்கான 1098-உம் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்பட வேண்டியவை.

புகையிலையின் பிடியும் எண்ணியதைவிட முன்னதாகவே விழுகிறது. 2019-இல் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நடந்த நான்காவது உலக இளையோர் புகையிலை ஆய்வு, இந்தியாவில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகவும், மெல்லும் வகையைத் தொட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியதாகவும் தெரிவித்தது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பனை கூடாதென்ற 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், உதட்டுக்குள் ஒளித்துவைக்கக்கூடிய பொட்டலங்கள் மாணவர்களிடம் புழங்குவது நின்றபாடில்லை. புகை இல்லாததால் வகுப்பில் அமர்ந்தபடியே பயன்படுத்த முடிகிறது.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் பகுதியாக 2020-இல் தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து, வாரம் ஒரு மணி நேரம் நலவாழ்வு வகுப்பு நடத்தச் சொல்கிறது. 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டமோ, இவர்களுக்கென்றே தனி ஆலோசனை மையங்களை அரசு மருத்துவமனைகளில் அமைத்திருக்கிறது. காகிதத்தில் குறையில்லை. ஆயினும் மையம் திறந்திருக்கும் நேரத்தில் மாணவர் வகுப்பில் இருக்கிறார். வகுப்பு விட்டு அவர் வரும்போது ஆலோசகர் வீட்டுக்குப் போயிருப்பார். பள்ளிக்கு ஒரு செவிலியரோ ஆலோசகரோ நிரந்தரமாக வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் இங்கிருந்து பிறக்கிறது.

மறைகாப்பு இல்லாமை இன்னொரு தடை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்குகிறது. பிள்ளைகளைக் காக்க வந்த இந்த ஏற்பாடே, கருவுற்ற பதினேழு வயதுப் பெண்ணை மருத்துவமனைக்கு வரவிடாமல் அச்சுறுத்தி, தகுதியற்றவர்களின் கைகளில் தள்ளிவிடும் அபாயமும் உண்டு. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியோ அவருடைய பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. இந்தத் தீர்ப்பு மாணவிகளையும் பெற்றோரையும் எட்ட வேண்டும்.

இதுவரை சொன்னவை யாவும் பள்ளிக்குள் இருப்பவர்களுக்கு. பத்தாம் வகுப்போடோ அதற்கு முன்போ படிப்பை நிறுத்தி நூற்பாலைக்கும் செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் சென்றுவிடும் பிள்ளைகள், சத்துணவையும் வாராந்திர மாத்திரையையும் கண் பரிசோதனையையும் பெரும்பாலும் ஒரே நாளில் இழக்கிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்போது தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்குமுன் மணமுடிக்கப்பட்டவர்கள். பள்ளியை விட்ட ஆண்டுக்கும் மணமான ஆண்டுக்கும் இடையே பலருக்கு இடைவெளி மிகச் சிறிது. அங்கன்வாடி வழியாக வளரிளம் பெண்களுக்கு ஊட்டச்சத்து வழங்கும் மத்திய அரசின் திட்டம் 2021-இல் மாற்றியமைக்கப்பட்டபோது, 14 முதல் 18 வயதினருக்கான அந்த உதவி வடகிழக்கு மாநிலங்களுக்கும் முன்னேற விழையும் மாவட்டங்களுக்கும் மட்டுமென வரையறுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அத்தகைய மாவட்டங்கள் விருதுநகர், இராமநாதபுரம் ஆகிய இரண்டே. திண்டுக்கல்லிலோ திருப்பூரிலோ ஆலை விடுதியில் தங்கி வேலைபார்க்கும் பதினாறு வயதுப் பெண் அந்தக் கணக்கில் சேரமாட்டாள். அவளோடு படித்து, அவளைப் போலவே பள்ளியை விட்ட ஆண் பிள்ளையை அத்திட்டம் தொடக்கத்திலிருந்தே எண்ணவில்லை.